ஒன்று விட்டு ஒன்று

சிவப்பு இன்னும் காயவில்லை.

பல் டாக்டர் தன் ஆள்காட்டி விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நுனியில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, இப்போதுதான் டப்பாவிலிருந்து தொட்டு எடுத்த மாதிரி. லாரியின் முன்பக்க இடது சக்கரத்தில் அந்த எட்டு நட்டுக்கும் அவரே தன் கையால் பெயின்ட் அடித்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நல்ல பெயின்ட் என்றால் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். மட்டமான சரக்கு, அடைமழை, போதாக்குறைக்குக் கொட்டகைக் கூரை ஒழுகல் என்று எல்லாவற்றையும் கூட்டிப் போட்டாலும் நாலு நாளைக்கு மேல் ஈரம் நிற்காது. நாற்பத்து மூன்று நாள் காயாத பெயின்ட்டை உலகத்தில் எவனும் இன்னும் தயாரிக்கவில்லை.

கடைக்காரன் தின்னரில் எதையோ கலந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டார். பனியன் வேஸ்ட்டை எடுத்து விரலைத் துடைத்தார், மண்ணெண்ணெய் தொட்டு இன்னொரு தடவை துடைத்தார், முன்னால் கிளினிக்குக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார். அடுத்த நோயாளி வாயைத் திறந்தபோது, கையுறைக்கு உள்ளே விரல் நுனி சில்லென்று ஈரமாகவே இருந்தது.

வீட்டின் முன்பாதி கிளினிக், பின்னால் தகரக் கொட்டகை. நடுவில் ஒரே ஒரு சுவர். முன்னால் பல் பிடுங்கிச் சம்பாதிப்பதைப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் பிழைப்பு. பழைய பட்டாளத்து வண்டி சேர்க்கிற கிறுக்கு இருக்கிறதே, அது குடிப்பழக்கத்தைவிட மோசம். குடிகாரனாவது காலையில் தெளிவான். ஒரு ஜீப், பக்கத்தொட்டி வைத்த ஒரு மோட்டார் சைக்கிள், ஆறு சக்கர லாரி ஒன்று. இந்த மூன்றுக்காக அவர் விற்ற நிலத்தில் இன்றைக்கு மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. விலையை அவர் ரூபாயில் சொல்லமாட்டார், பல்லில்தான் சொல்வார். கார்புரேட்டர் பதினேழு பல், கித்தான் கூரை நாற்பது பல், லாரிக்கு ஒரு டயர் என்றால் ஒரு முழு வாயும் பக்கத்து வீட்டுக்காரன் வாயும். காசாவது பரவாயில்லை. உதிரிப் பாகம் கிடைக்காது. செய்த தொழிற்சாலையே மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஒரு மூடிக்காக நாலு வருஷம் பழைய இரும்புக் கடைகளில் நாய் மாதிரி அலைந்து, கடைசியில் அதை ஒருத்தன் பூந்தொட்டியாக வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமலிருந்து பார்த்தாள், போன வருஷம் பெரிய மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நீங்க அந்த இரும்பையே கட்டிக்கிட்டு அழுங்க என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இத்தனையும் தாங்கியதற்குக் காரணம் பீரங்கி.

பீரங்கி என்பது பட்டப்பெயர். மனிதர் மெக்கானிக். மெதுவாகப் பேசத் தெரியாது, ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். பெரிய சாலையில் அவரும் மனைவியும் டயர் கடை வைத்திருந்தார்கள். வார நாளெல்லாம் அங்கே, ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கொட்டகையில். இடதுகைக்காரர். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை, அதற்கு எப்போதும் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார், அதனால் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். ஓசியிலேயே பிடுங்கிவிடுகிறேன் வாரும் என்று டாக்டர் கூப்பிடுவார். நட்டுக் கழட்டவே உங்களுக்கு மயக்க ஊசி வேணும், என் பல்லை நம்பி உங்ககிட்டக் கொடுக்கவா என்று பீரங்கி சிரிப்பார். பதினாறு வருஷம் இப்படியே ஓடியது.

லாரி வந்த முதல் நாளே அவர் டாக்டரைச் சக்கரத்துக்கு எதிரே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். மற்ற வண்டி மாதிரி இல்லை இது. இதன் சக்கரம் இரண்டு பாதி, இரண்டு தட்டை ஒன்றோடொன்று கவிழ்த்த மாதிரி. நடுவில் டயர். ஒரே வட்டத்தில் பதினாறு நட்டு, பதினாறும் ஒரே அளவு. அதில் எட்டு, சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை. மீதி எட்டு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. ஒன்று விட்டு ஒன்று. முதல் எட்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். இரண்டாவது எட்டை டயரில் காற்று இருக்கும்போது தொட்டால் வெளிப்பாதி குண்டு மாதிரி பறக்கும், எதிரே நிற்கிறவன் அப்புறம் நிற்கமாட்டான். அதனால்தான் பட்டாளத்தில் அந்த எட்டுக்கு மட்டும் சிவப்பு அடித்து வைத்தார்கள்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவன்கூடப் பொழைச்சுக்கலாம் டாக்டர். செவப்பைத் தொடாதே, அவ்வளவுதான் படிப்பு."

அந்தச் சிவப்பைத்தான் டாக்டர் அழித்தார்.

பழைய வண்டிச் சங்கத்தின் கண்காட்சி நெருங்கியது. அங்கே நடுவர்கள் பூதக்கண்ணாடியோடு வருவார்கள், ஒரு திருகாணி புதுசாக இருந்தாலும் மதிப்பெண் குறைப்பார்கள். இரண்டு வருஷமாக டாக்டருக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசை அடித்துக்கொண்டு போகிற ஆசாமி ஒரு சிமெண்ட் வியாபாரி, அவன் சிரிப்பை நினைத்தாலே டாக்டருக்கு வயிறு எரியும். இந்தத் தடவை எப்படியோ ஒரு புகைப்படம் தேடிப் பிடித்தார். அதே ரக லாரி, தொழிற்சாலை வாசலில், அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தையது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பதினாறு நட்டும் ஒரே நிறம். அப்படியானால் சிவப்பு பின்னால் எவனோ பூசியது, அசல் இல்லை! ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எட்டுக்கும் பட்டாளத்துக் கரும்பச்சை அடித்தார். புகைப்படம் கறுப்பு வெள்ளை. அதில் சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பல்தான். முப்பது வருஷம் எக்ஸ்ரே பார்த்த மனிதருக்கு அது உறைக்கவில்லை.

பீரங்கியிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார். கண்காட்சி முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இதுதான் நடந்தது. இதற்கு மேல் இதில் ஒரு மர்மமும் இல்லை.

ஞாயிறு காலை டாக்டர் குளித்துக்கொண்டிருந்தார். இடது முன்சக்கரத்தில் பிரேக் இழுக்கிறது, கழற்றிப் பார்த்துவிடுகிறேன் என்று பீரங்கி வாசலிலிருந்தே முழங்கிவிட்டுப் பின்னால் போனார். சோப்பு நுரையோடு நின்ற டாக்டருக்கு ஒரு நொடி பச்சை நட்டுகள் ஞாபகம் வந்தன. துண்டைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கலாம். பதினாறு வருஷ அனுபவசாலி, கழற்றுமுன் பார்க்கமாட்டாரா என்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். அனுபவசாலி பார்த்தார்தான். வட்டத்தில் சிவப்பே இல்லை. பதினாறும் பச்சை என்றால், அவருக்குத் தெரியாமல் யாரும் எதையும் தொடமாட்டார்கள் என்று நம்பியிருந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? வேறு சக்கரத்தை மாற்றிவிட்டார்கள் என்றா, காற்றை இறக்கியாகிவிட்டது என்றா? யாருக்குத் தெரியும். ஏதோ ஒரு நட்டில் ஆரம்பித்து, கை பழகியபடி ஒன்று விட்டு ஒன்றாகப் போயிருக்கிறார். ஐந்தாவது நட்டில் வெடித்தது.

கிளினிக்கில் கண்ணாடி அலமாரி அப்படியே நொறுங்கியது. டாக்டர் துண்டோடு ஓடினார். கொட்டகைக்குள் புழுதியும் ரப்பர் நாற்றமும் மூடிக்கிடந்தன, கூரைத் தகரத்தில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை, அதன் வழியாக வெயில். சக்கரத்தின் வெளிப்பாதி எதிர்ச் சுவரில் பாதி புதைந்து நின்றது. சுவரெல்லாம் தெறித்திருந்ததைக் கிரீஸ் என்றுதான் முதலில் நினைத்தார். பீரங்கி சக்கரத்தின் முன்னால் இன்னும் குந்தியபடியே இருந்தார், முதுகு கருவிப் பெட்டியில் சாய்ந்து. வாய்க்கு மேலே ஒன்றும் இல்லை. மேல்தாடை இல்லை. கீழ்த்தாடை மட்டும் கழுத்தில் ஒரு கிண்ணம் மாதிரி நின்றது, அதில் வரிசை கலையாமல் பல், அதன் ஓரத்தில் அந்தச் சொத்தைப் பல், அதன் பக்கத்தில் கிராம்பு. கிண்ணத்தில் ரத்தம் நிரம்பி நிரம்பி வழிந்தது. இடது கை ஸ்பானரை விடவில்லை. அது இன்னும் திருகிக்கொண்டிருந்தது, காற்றில், கொஞ்சம் கொஞ்சமாக.

அந்தக் கை நிற்கிறவரை டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் செய்ததைத்தான் மன்னிக்க முடியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வதற்கு முன்னால் கொட்டகை அலமாரியிலிருந்து சிவப்பு டப்பாவை எடுத்தார். நாலு நட்டு தரையில் வரிசையாக இருந்தன, ஐந்தாவது சற்றுத் தள்ளிக் கிடந்தது, மீதி மூன்று, போல்ட் முறிந்து அதோடு சிதறிக் கிடந்தன. கிடந்த இடத்திலேயே எட்டுக்கும் சிவப்பு அடித்தார். அடிப்பதற்குப் பீரங்கியின் காலை இரண்டு தடவை தாண்ட வேண்டியிருந்தது. கை நடுங்கவேயில்லை, வேர் சிகிச்சை செய்கிற மாதிரி நிதானமாக இருந்தது. பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டு, போனை எடுத்து, அழுதார். அழுகை நிஜம்தான்.

பெயின்ட் ஈரமாக இருக்கிறதே என்று போலீஸ்காரர் கேட்டார். கண்காட்சிக்காக நேற்று புதுப்பித்தேன் என்றார் டாக்டர். அவர் எழுதிக்கொண்டார். சிவப்பு அடையாளம் தெளிவாக இருந்தும், இறந்தவர் தன் கவனக்குறைவால் கழற்றியதால் விபத்து. அறிக்கையில் அது ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குப் பிறகு டயர் கடைக்கு ஆள் வருவது நின்றது. எந்த நட்டைக் கழற்றுவது என்று தெரியாதவன் கடையில் எவன் வண்டியை விடுவான்? லாரிக்காரர்கள் தாண்டிப் போனார்கள். பீரங்கியின் மனைவி ஆண்பிள்ளைக்குச் சமமாக டயர் கழற்றி மாட்டுகிறவள், இப்போது கடை வாசலில் ஸ்டூல் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நோயாளிகள் சொன்னார்கள். அவள் மூன்று தடவை டாக்டரிடம் வந்தாள். காசு கேட்கவில்லை, டாக்டர் நீட்டியதைத் தொடக்கூட இல்லை. அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். அவர் கை தப்பாது, அன்றைக்கு வேறு ஏதோ இருந்திருக்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை போலீஸில் சொன்னால் போதும் என்றாள். மூன்று தடவையும் டாக்டர், விதியம்மா என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பாதிச் சக்கரத்துக்கும் முறிந்த போல்ட்டுக்கும் மாற்று தேட ஒரு மாதம் ஆயிற்று. நட்டு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அவருக்கே தெரியும். போலீஸ் திருப்பிக் கொடுத்த அதே எட்டு நட்டையும் போட்டு முறுக்கி, டயரில் காற்று நிரப்பி நிறுத்தினார். இத்தனைக்குப் பிறகும் வண்டி நொண்டியாக நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. கிறுக்கு என்று சொன்னேனே.

அன்றிலிருந்துதான் ஈரம். முதலில் விரலில். பிறகு கிளினிக் விளக்கின் கைப்பிடியில். பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கன்னத்தில், அவர் பிடித்துத் திருப்பிய இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை. டீச்சர் ரத்தம் என்று அலறிவிட்டாள். டாக்டர் துடைக்கத் துடைக்க அது பரவியது.

செவ்வாய்க்கிழமை ஒரு கடைவாய்ப் பல்லை ஆட்டிக்கொண்டிருந்தார். பட்டப்பகல், பதினோரு மணி. சுவருக்குப் பின்னால் சத்தம் கேட்டது. க்ரீச். இரும்பு இரும்பில் கஷ்டப்பட்டுத் திரும்புகிற சத்தம். நிதானம். மறுபடி க்ரீச். வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த நோயாளியின் கண்கள் சுவர்ப் பக்கம் திரும்பின. பல் வந்ததும் பஞ்சைக் கடித்துக்கொண்டே, பின்னாடி ஆள் வேலை செய்யறாங்களா என்று குழறினார். டாக்டர் பிடுங்கிய பல்லைத் தட்டில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இது தன் மண்டைக்குள் கேட்கிற சத்தம் என்று அதுவரை நம்பியிருந்தார்.

கொட்டகைக்குப் போனார். ஒருவரும் இல்லை. எட்டுச் சிவப்பும் பளபளத்தன. ஒரு துளி திரண்டு, கீழே விழாமல் தொங்கியது. கிராம்பு வாசனை. அவர் டயரிலிருந்து காற்று முழுவதையும் பிடுங்கிவிட்டார், வால்வு ஊசியை உருவி ஜேபியில் போட்டுக்கொண்டார், லாரி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. புதன்கிழமை காலையில் லாரி நேராக நின்றது. டயரைக் குத்திப் பார்த்தார், கல். மறுபடி இறக்கினார். வியாழன் காலையில் மறுபடி கல். காற்று எங்கிருந்து வருகிறது? யார் ஊதுகிறார்கள்? பெரிய மகள் வீட்டுக்குப் போன் செய்தார். வந்துவிடுகிறாயா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் வாய்விட்டே சொன்னார். இரும்புக்கா பயம் என்று அவள் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, பீரங்கியின் மனைவி நாலாவது தடவையாக வந்தாள். கிளினிக்கில் அப்போது ஆள் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள், கடையிலிருந்து நேராக வருகிறாள். உட்காரவில்லை. அந்தச் சக்கரத்தைப் பார்க்கணும் என்றாள். டாக்டருக்கு அவளைத் தனியாக அனுப்பவும் பயம், கூடப் போகவும் பயம். வெள்ளைக் கோட்டோடு முன்னால் நடந்தார்.

கொட்டகையில் காற்றே இல்லை, டயரில் மட்டும் நிறைந்திருந்தது. கிரீஸ், பழைய ரப்பர், மழைத் தகரம், அதற்கடியில் கிராம்பு. அவள் மூக்கு ஒரு தடவை விரிந்தது. சக்கரத்தின் முன்னால் நின்று பதினாறு நட்டையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தொடவில்லை.

"இவ்வளவு செவப்பு இருந்தும் அவர் பார்க்கலைங்கறீங்க."

ஆமாம் என்றார் டாக்டர்.

"கடைசியா கேக்கறேன் டாக்டர். பதினாறு வருஷம் உங்க வீட்டுக்கு வந்தவர். அன்னைக்கு இது செவப்பாவா இருந்துச்சு?"

இல்லை என்ற ஒரு சொல் டாக்டரின் பல்லுக்குப் பின்னால்வரை வந்து நின்றது. சொல்லியிருந்தால் என்ன போயிருக்கும்? கிளினிக் போயிருக்கும், வண்டிகள் போயிருக்கும், ஒருவேளை ஜெயில். சுவருக்கு அந்தப்பக்கம் அவருடைய பட்டமும் பெயரும் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. அவருக்குத் திடீரென்று கோபம் வந்தது, பயந்தவனுக்கு வருகிற கோபம்.

"செவப்புதான்மா. இதுல என்ன இருக்கு? செவப்பை விட்டுட்டு மத்ததைக் கழட்டணும். சின்னக் குழந்தைக்குத் தெரியும். இருங்க, காட்டறேன்."

ஸ்பானரை எடுத்து எதிரே குந்தினார். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. தெளிவாக இருந்தது. பச்சை நட்டில் ஸ்பானரை மாட்டினார்.

"பார்த்துத்தானே வைக்கறீங்க?" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது.

"எனக்குக் கண் இருக்கும்மா."

"அவருக்கும் இருந்துச்சு."

முதல் நட்டு இளகியது. க்ரீச். அவள் டாக்டரின் பின்னாலிருந்து இரண்டு எட்டு வைத்து விலகினாள். பிறகு இன்னும் இரண்டு. சக்கரத்தின் எதிரே இல்லாமல், தூணுக்கு அந்தப்பக்கம், டயர் வேலை தெரிந்தவர்கள் எங்கே நிற்பார்களோ அங்கே போய் நின்றாள். டாக்டர் அதைக் கடைக்கண்ணால் பார்த்தார். ஏன் என்று அவருக்கு அப்போது புரியவில்லை.

நட்டு கையில் கழன்று வந்தது. அது அவர் கையிலிருந்து நழுவியது. நழுவவில்லை, யாரோ வாங்கினார்கள். கோட்டுப் பையில் டொக்கென்று கனமாக விழுந்தது.

குனிந்து பார்த்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறியது.

கழற்றும்போது பச்சை. பைக்குள் சிவப்பு.

சக்கரத்தை நிமிர்ந்து பார்த்தார். பச்சை எது? சிவப்பு எது? மாறி மாறி, சுற்றிச் சுற்றி, கண்ணைக் கட்டியது. எழுந்துவிட நினைத்தார். முழங்கால் எழவில்லை. கை அடுத்த நட்டுக்குப் போனது, ஒன்று விட்டு ஒன்று. அவர் போகச் சொல்லவில்லை.

க்ரீச்.

ஸ்பானரில் இன்னொரு கை இருந்தது. இடது கை. நகத்தில் கிரீஸ். அவர் கைமேல் பதிந்து, பழக்கப்பட்ட பலத்தோடு, அவசரமில்லாமல் அழுத்தியது. தோளோடு தோள் உரசியபடி பக்கத்தில் யாரோ குந்தியிருந்தார்கள், பதினாறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் குந்திய மாதிரி. டாக்டர் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் கிண்ணம்தான் தெரியும். அதிலிருந்து ஏதோ வெதுவெதுவென்று அவர் தோளில் சொட்டியது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, மூக்கில்லாமல், வாயில்லாமல், நேரே தொண்டையிலிருந்து.

இரண்டு. பையில் டொக். மூன்று. டொக்.

சொல்லிவிடலாம். இப்போதாவது. "நான்தான்," என்று ஆரம்பித்தார். சத்தம் வரவில்லை. கத்தினார். உதடு மட்டும் அசைந்தது. "பச்சை, பச்சை அடிச்சேன், நான்தான்." அவளுக்குக் கேட்கவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து அவள் டாக்டரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றக்கூடாததைத்தான் கழற்றுகிறார் என்று அவளுக்குத் தெரியும். சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தாலே போதும் அவளுக்கு. நிறுத்துங்க என்று அவளும் சொல்லவில்லை.

நாலு. டொக். ஐந்து.

ஐந்திலேயே வெடித்திருக்க வேண்டும். அன்றைக்கு ஐந்துதான். இரும்பு முனகியது, இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விட்டது, அதிலிருந்து காற்று ஊசியாக அவர் முகத்தில் அடித்தது. கிராம்பு. ஆனாலும் பிரியவில்லை. பக்கத்தில் குந்தியிருந்தவர் மற்றொரு கையை விரித்துச் சக்கரத்தின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நரம்பு புடைத்த கை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் பிடிக்கும்.

ஆறு. டொக். பை கனத்துக் கோட்டை இழுத்தது. சிவப்பு தொடைவரை இறங்கிவிட்டது.

ஏழு.

ஒன்றுதான் பாக்கி. ஸ்பானர் அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. டாக்டர் கண்ணை மூட முயன்றார். இமை மூடவில்லை.

சக்கரத்தைப் பிடித்திருந்த கை, விரல் விரலாக எடுபட்டது.

தூணுக்குப் பின்னால் பீரங்கியின் மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.